இன்வெர்ட்டருக்கு எந்த பேட்டரி: டியூபுலரா, லித்தியமா?

இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரம் பேக்கப் வரும்?" என்பதைத்தான். கடைக்காரரும் பதிலைத் தயாராக வைத்திருப்பார். "ரெண்டு ஃபேன், நாலு லைட்டு போட்டா அஞ்சு மணி நேரம் தாராளமா நிக்கும் சார்." அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் கேட்டது பாதிக் கேள்விதான். இறங்கிய பேட்டரி மறுபடி முழுக்க ஏறுவதற்கு உங்கள் வீட்டில் எத்தனை மணி நேரம் தொடர்ந்து கரண்ட் இருக்கும் என்பது மிச்சப் பாதி. டியூபுலர் என்ற ஈய பேட்டரி எடுப்பதா, லித்தியம் எடுப்பதா என்பதைப் பெரும்பாலும் இந்த மிச்சப் பாதிதான் முடிவு செய்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

2012-இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் கட் என்று பகலும் இரவும் ஓடியது. ஊரெல்லாம் இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டார்கள். நாலைந்து வருடம் உழைக்க வேண்டிய பேட்டரிகள் இரண்டே வருடத்தில் படுத்துக்கொண்டன. எல்லாரும் கம்பெனியைத் திட்டினார்கள். அந்த பேட்டரிகள் செத்ததற்குக் காரணம் அதிகமாக இறக்கியது மட்டும் இல்லை. ஒருநாள்கூட முழுக்க ஏறாமலே கிடந்ததுதான் பெரிய காரணம்.

ஏன் அப்படி என்று புரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஈய பேட்டரி எப்படி ஏறுகிறது

பிரான்ஸ் நாட்டு காஸ்டன் பிளாந்தே 1859-இல் செய்து காட்டிய அதே அடிப்படைதான் இன்றும். ஒரு பக்கம் ஈயத் தகடு, இன்னொரு பக்கம் ஈய டை ஆக்சைடு தகடு, நடுவில் தண்ணீர் கலந்த கந்தக அமிலம். கரண்ட் எடுக்கும்போது அமிலத்தில் இருக்கும் சல்பேட் இரண்டு தகட்டிலும் போய் ஒட்டிக்கொண்டு, இரண்டுமே ஈய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் நீர்த்துப் போகிறது. சார்ஜ் செய்யும்போது அந்த சல்பேட் தகட்டை விட்டுக் கழன்று மறுபடி அமிலத்துக்குத் திரும்புகிறது. அவ்வளவுதான் வேலை. இப்படி ஒரு செல் கொடுப்பது சுமார் 2 வோல்ட். ஆறு செல்லை வரிசையாகக் கோத்தால் நம் 12 வோல்ட் பேட்டரி.

சிக்கல் சார்ஜின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. இன்வெர்ட்டர் முதலில் ஒரே அளவு கரண்டைச் செலுத்தும். பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஏ.எச். (ஆம்பியர் மணி) எண்ணில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு, 150 ஏ.எச். என்றால் 15 ஆம்பியர். வோல்டேஜ் மெல்ல ஏறி 14.4 பக்கம் வரும்போது பேட்டரி முக்கால்வாசியோ, அதற்குக் கொஞ்சம் மேலோ நிறைந்திருக்கும். இதற்குமேல் அதே வேகத்தில் தள்ள முடியாது. தகட்டின் மேற்பரப்பில் இருந்த சல்பேட் கரைந்து முடிந்து, உள்ளே ஆழத்தில் இருப்பதுதான் மிச்சம். அடித்துத் தள்ளினால் அந்தக் கரண்ட் சல்பேட்டைக் கரைக்காமல் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் ஆக்கிவிடும். அதனால் நல்ல சார்ஜர் வோல்டேஜை அங்கேயே பிடித்துக்கொண்டு கரண்டைத் தானாகக் குறைய விடும். கடைசி 20 சதவீதம் ஏறுவதற்கு அதுவரை ஆன நேரம் அளவுக்கே கூடப் பிடிக்கலாம். அது முடிந்தபின் வோல்டேஜை 13.5, 13.8 என்று இறக்கி, பேட்டரி தானாக இழப்பதை மட்டும் ஈடுகட்டிக்கொண்டிருக்கும். இதைத்தான் ஃப்ளோட் என்கிறார்கள்.

இப்போது 2012-ஐ நினைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரக் கரண்டில் பேட்டரி அந்தக் கடைசி 20 சதவீதத்துக்குப் போகவே போகாது. கரையாமல் தங்கிவிட்ட சல்பேட் நாளாக நாளாகப் பெரிய, கெட்டியான படிகமாக இறுகும். அப்புறம் எந்த சார்ஜருக்கும் அது மசியாது. தகட்டில் அவ்வளவு இடம் நிரந்தரமாகப் போய்விட்டது. இதுதான் சல்ஃபேஷன். அரைகுறையாக இறக்கிய நிலையில் மூன்று மாதம் பூட்டிக் கிடந்த வீட்டு பேட்டரிக்கும் இதே கதிதான்.

ஆக, ஈய பேட்டரிக்கு ஆழமாக இறக்குவது ஒரு அடி. முழுக்க ஏற்றாமல் விடுவது அதைவிடப் பெரிய அடி. "பேட்டரியை மாசத்துக்கு ஒருதரம் முழுசா இறக்கி ஏத்தணும், அப்பதான் நல்லா இருக்கும்" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் செல்களுக்குச் சொன்ன வைத்தியம். ஈயத்துக்கும் ஒத்து வராது, லித்தியத்துக்கும் ஒத்து வராது. முழுசாக ஏற்றுவது சரி. முழுசாக இறக்குவதுதான் வேண்டாம்.

ஈயத்துக்குள்ளேயே மூன்று வகை

ஃப்ளாட் பிளேட் விலை குறைவு. மெல்லிய சல்லடைத் தகட்டில் ஈயப் பசையை அப்பியிருப்பார்கள். ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அந்தப் பசை உப்பிச் சுருங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து அடியில் படியும். படிவு உயர்ந்து இரண்டு தகட்டையும் தொட்டால் அந்த செல் ஷார்ட். பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று மட்டுமே கரண்ட் போகும் வீட்டுக்கு இது போதும். மற்றவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். கார் பேட்டரியை இன்வெர்ட்டரில் மாட்டுவது பற்றிப் பேசவே வேண்டாம். அது ஒரு நொடி பெரிய கரண்ட் கொடுத்து எஞ்சினைக் கிளப்பச் செய்தது.

டியூபுலரில் பாசிட்டிவ் தகடு தட்டையாக இருக்காது. வரிசையாக ஈயக் கம்பிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் பாலியஸ்டர் நூல் குழாய், குழாய்க்குள் ஈய ஆக்சைடு. உப்பினாலும் சுருங்கினாலும் பொருள் குழாயை விட்டு வெளியே போக முடியாது. ஆழமாக இறக்கி ஏற்றும் வேலைக்கு இந்த அமைப்புதான் தாங்கும். டால் டியூபுலர் என்று உயரமாக வருவதில் தகட்டுக்கு மேலே அமிலம் நிறைய நிற்கும். அதனால் தண்ணீர் ஊற்றும் இடைவெளி நீளும். இன்று தமிழ்நாட்டில் வீட்டு இன்வெர்ட்டர் என்றாலே பெரும்பாலும் இதுதான்.

எஸ்.எம்.எஃப். என்ற மூடி வைத்த வகை கம்ப்யூட்டர் யு.பி.எஸ்-ஸில் இருப்பது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், புகை வராது, படுக்க வைத்தாலும் ஒழுகாது. ஆனால் வெயில் ஆகாது. உள்ளே இருக்கும் கொஞ்ச ஈரம் காய்ந்துவிட்டால் மறுபடி ஊற்ற வழியில்லை. ஈய பேட்டரிகளுக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்று ஒரு கணக்கு உண்டு. அக்னி நட்சத்திரத்தில் மாடி அறையில் அதை வைத்துப் பார்த்தால் மீதி புரிந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எனவே போட்டி டால் டியூபுலருக்கும் லித்தியத்துக்கும்தான்.

லித்தியம் என்று விற்பது எது

வீட்டு இன்வெர்ட்டருக்கு வருவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். சுருக்கமாக எல்.எஃப்.பி. பல போன்களிலும் லேப்டாப்களிலும் இருக்கும் கோபால்ட், நிக்கல் கலந்த வகை வேறு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழு 1990-களில் இந்த இரும்பு பாஸ்பேட்டைக் கண்டது. லித்தியம் அயன் பேட்டரிக்காக அவருக்கு 2019-இல் நோபல் கிடைத்தபோது வயது 97. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் அது எளிதில் விடுபடாது. தீப்பிடிக்கும் ஆபத்து மற்ற லித்தியம் வகைகளைவிடக் குறைவு என்பதற்கு அதுதான் காரணம். குறைவு, அவ்வளவுதான், ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதில் தகடு எதுவும் கரைந்து வேறு பொருளாக மாறுவதில்லை. சார்ஜ் ஆகும்போது லித்தியம் அயனிகள் இரும்பு பாஸ்பேட்டை விட்டுக் கிளம்பி கிராஃபைட் அடுக்குகளுக்கு இடையில் போய் உட்காருகின்றன. கரண்ட் எடுக்கும்போது திரும்பி வருகின்றன. பேருந்தில் ஏறி இறங்கும் பயணிகள் மாதிரி. ஏறி இறங்குவதால் இருக்கைக்குப் பெரிய சேதம் இல்லை. அதனால்தான் ஈயம் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் முறை ஏறி இறங்கும் இடத்தில், இது இரண்டாயிரம் மூவாயிரம் முறை என்று போகிறது.

ஒரு செல் 3.2 வோல்ட். நான்கு சேர்ந்தால் 12.8. சார்ஜ் செய்யும் முறையும் எளிது: ஒரே கரண்டில் ஏற்றி, 14.6 வோல்ட் பக்கம் வந்ததும் வோல்டேஜைப் பிடித்து, கரண்ட் குறைந்ததும் நிறுத்திவிட வேண்டியதுதான். ஈயத்தில் கடைசி 20 சதவீதத்துக்கு இழுத்த அந்த நீண்ட வால் இதில் கிட்டத்தட்ட இல்லை. இன்னும் முக்கியமான விஷயம், பாதியில் நிறுத்தினாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. 40 சதவீதத்தில் கிடந்தாலும் சல்பேட் மாதிரி இறுக உள்ளே எதுவும் இல்லை. சொல்லப்போனால் எப்போதும் 100-இல் நிறுத்தி வெயிலில் வைப்பதுதான் இதற்குப் பிடிக்காது.

ஆனால் ஈயத்துக்கு இல்லாத ஒரு காவல்காரன் இதற்குக் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் சூட்டையும் பார்த்து, எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் மின்னணு பலகை. பி.எம்.எஸ். என்பார்கள். லித்தியம் பேட்டரி திடீரென்று செத்துவிட்டது என்று வரும் புகார்களில், செல் நன்றாக இருந்து இந்தப் பலகை போனதும் நிறைய உண்டு. டியூபுலர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிட்டுப் போகும். லித்தியம் போனால் ஒரே நொடியில் வீடு இருட்டு.

கணக்கு

பழைய மாடல் சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். இரண்டு ஃபேன், 9 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு, வைஃபை ரூட்டர் ஒன்று. மொத்தம் ஏறக்குறைய 200 வாட். இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 15 சதவீதம் விழுங்கும். ஆக 12 வோல்ட் பேட்டரியில் இருந்து 20 ஆம்பியர் போகிறது.

150 ஏ.எச். என்று பேட்டரி மேல் அச்சடித்திருப்பது 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைப்பது, அதாவது 7.5 ஆம்பியராக. அதற்கு சி20 என்று பெயர். வேகமாக இறக்கினால் ஈயம் முழுதும் தராது. 20 ஆம்பியரில் எடுத்தால் சுமார் 125 ஏ.எச். கிடைக்கும். கிரைண்டரும் டிவியும் சேர்ந்து 40 ஆம்பியர் ஆனால் 110 பக்கம் இறங்கிவிடும். அதனால் ஒரே 150 என்று போட்டிருந்தாலும், சி10 (பத்து மணி நேரத்தில் இறக்கும் கணக்கு) என்று போட்ட பேட்டரி சி20 போட்டதைவிடப் பெரியது. கடையில் இரண்டை ஒப்பிடும்போது இந்தச் சின்ன எழுத்தைப் பார்க்காமல் விலையைப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

125 ஏ.எச்., 20 ஆம்பியர்: ஆறு மணி நேரம். கடைக்காரர் சொன்ன அஞ்சு மணி நேரம் சரிதான். ஆனால் அது அடிவரை வழித்து எடுத்த கணக்கு. பேட்டரி நாலைந்து வருடம் வர வேண்டுமென்றால் பாதிக்குமேல் அடிக்கடி இறக்கக் கூடாது. அப்போது நம் கையில் இருப்பது மூன்று மணி நேரம். சாதாரண இன்வெர்ட்டர் 10.5 வோல்ட் பக்கம் வந்தபிறகுதான் பீப் அடித்து நிற்கும். அந்த நேரத்தில் பேட்டரி ஏற்கெனவே காலி. பாதியில் நிறுத்துவது உங்கள் பொறுப்பு, இன்வெர்ட்டர் நிறுத்தாது.

லித்தியத்தில் 100 ஏ.எச். எடுத்தால் 1280 வாட் மணி. வேகமாக எடுத்தாலும் அவ்வளவாகக் குறையாது. 80, 90 சதவீதம் வரை இறக்கலாம். அதே 200 வாட்டுக்கு நான்கரை மணி நேரம் போல வரும். ஆக 100 லித்தியம், 150 டியூபுலரின் "பாதுகாப்பான" பேக்கப்பைவிட அதிகம் தருகிறது. "அடிவரை" பேக்கப்பைவிடக் குறைவு. விற்பவர்கள் இந்த இரண்டில் தங்களுக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார்கள்.

திரும்ப ஏற்றுவது? டியூபுலரில் மூன்று மணி நேரத்தில் 60 ஏ.எச். எடுத்திருந்தால், 15 ஆம்பியர் சார்ஜர் முதல் பகுதியை மூன்று நான்கு மணி நேரத்தில் முடித்துவிடும். கடைசி வாலையும் சேர்த்தால் எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லித்தியத்தில் அதே 15 ஆம்பியரில் நான்கு மணி நேரத்தில் வேலை முடியும். "லித்தியம் ஒரு மணி நேரத்தில் ஏறும்" என்ற விளம்பரம் செல்லைப் பொறுத்தவரை தப்பில்லை. ஆனால் உங்கள் இன்வெர்ட்டரில் இருப்பது 15 ஆம்பியர் சார்ஜர் என்றால் 15 ஆம்பியர்தான் போகும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டு பேட்டரியையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் ஃபேனைப் பாருங்கள். பி.எல்.டி.சி. என்ற குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் சுற்றில் ஓடும். இரண்டை மாற்றினால் 200 வாட் 110 ஆகிவிடும். இருக்கிற பேட்டரியிலேயே பேக்கப் ஏறக்குறைய இரட்டிப்பு. மெதுவாக இறங்குவதால் ஈய பேட்டரி இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தரும். கரண்ட் பில்லும் குறையும். பெரிய பேட்டரி வாங்கும் காசில் இதைச் செய்துவிட்டுச் சின்ன பேட்டரி வாங்கலாம். பேட்டரிக் கடையில் இந்த யோசனையை யாரும் தரமாட்டார்கள்.

யாருக்கு எது

இன்றைய தமிழ்நாட்டில் ஒரு சராசரி ஊரை எடுத்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை பராமரிப்புப் பணி என்று பேப்பரில் அறிவிப்பு வந்து, காலை 9-க்குப் போன கரண்ட் மாலையில் வரும். கோடையில் ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரும் ஏ.சி. போடும்போது டிரான்ஸ்ஃபார்மர் மக்கர் செய்யும். மழைக்காலத்தில் அங்கங்கே ஒரு மணி, இரண்டு மணி. மற்ற நேரமெல்லாம் கரண்ட் உண்டு. பேட்டரிக்கு அடுத்த கட் வருவதற்குள் எட்டு மணி நேரமென்ன, எண்பது மணி நேரம்கூடக் கிடைக்கிறது.

இந்த வீட்டுக்கு டால் டியூபுலர் போதும் என்பேன். வருடத்தில் பேட்டரியில் இருந்து எடுக்கும் மின்சாரம் மொத்தமே நாற்பது, ஐம்பது யூனிட்தான் வரும். லித்தியத்தின் மூவாயிரம் முறையை இந்த வீடு எப்போதும் தொடப்போவதில்லை. பயன்படுத்தாத ஆயுளுக்கு முன்கூட்டியே காசு கொடுப்பது வீண். டியூபுலர் சுமை தாங்குவதிலும் நல்லது. மிக்ஸியோ ஃபிரிட்ஜோ கிளம்பும்போது ஒரு நொடி இழுக்கும் பெரிய கரண்டை அது முனகிக்கொண்டே கொடுத்துவிடும். சின்ன பி.எம்.எஸ். உள்ள லித்தியம் அந்த இடத்தில் டப்பென்று துண்டித்துவிடலாம்.

இன்னொரு வீடு. ஊருக்கு வெளியே தினமும் கரண்ட் போகும் தோட்டத்து லைன், அல்லது மாடியில் சோலார் பேனல் போட்டு தினமும் ராத்திரி பேட்டரியில் ஓட்டுகிறவர். தினம் ஒரு யூனிட் என்றால் வருடத்துக்கு 365. அதோடு மழை, மேகம் என்று பல நாள் பேட்டரி முழுக்க ஏறாது. ஈயத்துக்கு இது 2012-இன் மறுபதிப்பு. இங்கே லித்தியம்தான். முதல் போடும்போது ஒரே அளவு பேக்கப்புக்கு இரண்டு மடங்கு விலை என்றாலும், டியூபுலரை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருப்பதைக் கணக்கிட்டால் லித்தியம் ஜெயித்துவிடும். சார்ஜ் இழப்பும் சேரும். ஈயத்தில் ஒரு யூனிட் திரும்பி வர ஒன்றேகால் யூனிட்டுக்கு மேல் உள்ளே போக வேண்டும். லித்தியத்தில் இழப்பு அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. கிரிட் கரண்டில் ஏற்றுகிறவருக்கு அது பில்லில் தெரியும். சோலார் வைத்திருப்பவருக்கு ஒரு பேனல் குறைவாகப் போதும்.

நடுவில் ஒரு மூன்றாவது கூட்டம் இருக்கிறது. கட் குறைவுதான், ஆனால் தண்ணீர் ஊற்ற வீட்டில் ஆள் இல்லை. பிள்ளைகள் வெளியூரில், வயதான அப்பா அம்மா மட்டும் இரண்டாவது மாடியில். 150 டால் டியூபுலர் அமிலத்தோடு சேர்த்து 50 கிலோவுக்கு மேல். லித்தியம் 100 ஏ.எச். பத்துப் பதினான்கு கிலோ. கணக்குப்படி இவர்களுக்கும் டியூபுலர்தான் வரும். ஆனால் தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரிந்துவிட்டால் அந்தப் பகுதி அவ்வளவுதான், மீளாது. வருடத்தில் மூன்று முறை எட்டிப்பார்க்க யாரும் இல்லையென்றால் நான் லித்தியத்தின் பக்கம் சாய்வேன்.

புயலுக்கு என்று நினைத்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எந்த பேட்டரியும் முதல் இரவோடு முடிந்தது. அந்த மாதிரி நாளுக்கு வேண்டியது பேனல் அல்லது ஜெனரேட்டர். பேட்டரி வகையை மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

பழைய இன்வெர்ட்டரில் லித்தியம் மாட்டலாமா

இது அடிக்கடி வரும் கேள்வி. 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, இரண்டு வயர், மாட்டினால் ஓடும்தான். ஓடும் என்பதும் சரியாக ஓடும் என்பதும் வேறு. டியூபுலருக்கென்று செய்த சில இன்வெர்ட்டர்கள் அவ்வப்போது வோல்டேஜை 15 வரை ஏற்றி அமிலத்தைக் கலக்கிவிடும். ஈயத்துக்கு அது நல்லது. லித்தியத்தில் பி.எம்.எஸ். குறுக்கே விழுந்து துண்டிக்கும். அது ஒவ்வொரு முறையும் சரியாக விழும் என்ற நம்பிக்கையில் வீட்டை வைக்கக் கூடாது. முன்பக்க விளக்கு காட்டும் பேட்டரி அளவும் பொய்யாகிவிடும். ஈயத்தில் ஓய்வாக இருக்கும்போது 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி என்று வோல்டேஜே சொல்லிவிடும். லித்தியம் நிறைந்ததில் இருந்து கிட்டத்தட்ட காலி ஆகும்வரை 13.2-ஐ ஒட்டியே நிற்கும், கடைசியில் செங்குத்தாக விழும். எனவே செட்டிங்கில் லித்தியம் என்று தனியாக இருக்கும் இன்வெர்ட்டர் வேண்டும். பழைய பெட்டியை மாற்றும் செலவையும் லித்தியத்தின் விலையில் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

டியூபுலர் என்று முடிவு செய்தவருக்கு

தண்ணீர்: டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஏ.சி.யில் இருந்து சொட்டுவதைப் பிடித்து ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் அது காயிலின் உலோகத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வருகிறது. மூடி மேல் இருக்கும் மிதவை சிவப்புக்கு இறங்கினால் பச்சைக்கு ஏறும்வரை ஊற்றினால் போதும். அதற்குமேல் ஊற்றினால் சார்ஜ் ஆகும்போது பொங்கி வழிந்து தரையை அரிக்கும். குறைவது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. எனவே ஆசிட் ஊற்றச் சொல்லும் மெக்கானிக்கை அனுப்பிவிடுங்கள்.

சார்ஜ் முடியும் நேரத்தில் வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். காற்றோட்டம் உள்ள இடமாக இருக்கட்டும். இடம் இல்லையென்று பூஜை அலமாரிக்குக் கீழே இன்வெர்ட்டர் டிராலியைத் தள்ளி, மேலே விளக்கேற்றும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

பேட்டரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஹைட்ரோமீட்டரைவிட நேர்மையான கருவி இல்லை. கண்ணாடிக் குழாய், ஒரு முனையில் ரப்பர் பல்பு, உள்ளே அளவு எழுதிய மிதவை. விலை சொற்பம். முழுக்க சார்ஜ் ஆனபின், தண்ணீர் ஊற்றிய உடனே இல்லாமல், ஒவ்வொரு செல்லின் மூடியையும் திறந்து அமிலத்தை உறிஞ்சிப் பாருங்கள். கையுறையும் பழைய சட்டையும் அவசியம். ஒரு துளி பட்டால் துணி அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், அடுத்த துவையலில் ஓட்டை விழும். மிதவை காட்டும் எண், அமிலம் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது. புது டியூபுலரில் அது 1.240 சுற்றி நிற்கும். ஆறு செல்லும் 1.200 காட்டினால் பேட்டரி சாகவில்லை, சார்ஜ் போதவில்லை. ஒருநாள் முழுக்க ஏற்றிவிட்டு மறுபடி பார்க்கலாம். ஐந்து செல் 1.230, ஒன்று மட்டும் 1.150 என்றால் விஷயம் வேறு. "ஒரு செல் அவுட்டு சார்" என்று பேட்டரிக்காரர் சொல்வது இதைத்தான். வரிசையில் ஒன்று போனால் மற்ற ஐந்தும் நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

24 வோல்ட் இன்வெர்ட்டரில் இரண்டு பேட்டரி இருந்து ஒன்று மட்டும் போனால், முடிந்தவரை இரண்டையும் மாற்றுங்கள். பழையது முதலில் நிறைந்து தண்ணீரைக் கொதிக்க விட, புதியது அரைகுறையாகவே நிற்கும்.

கடையில் நிற்கும்போது

வாரண்டி 36+36 என்று எழுதியிருப்பதை ஆறு வருடம் என்று படிக்கக் கூடாது. முதல் 36 மாதம் மட்டுமே இலவசமாக மாற்றித் தருவது. அடுத்த 36-இல் புது பேட்டரியின் விலையில் கழிவு தருவார்கள். அந்தக் கழிவு பெரும்பாலும் அச்சிட்ட எம்.ஆர்.பி.யில் கணக்கிடப்படும். கடையில் யாரும் எம்.ஆர்.பி.க்கு வாங்குவதில்லை என்பதால், கழிவு போக வரும் விலையும் வெளிச்சந்தை விலையும் பல நேரம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டு பேட்டரியை ஒப்பிடும்போது முதல் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

தயாரித்த மாதத்தைப் பாருங்கள். அமிலம் ஊற்றிய ஈய பேட்டரி சும்மா இருந்தாலே மாதாமாதம் கொஞ்சம் இறங்கும், வெயிலில் இன்னும் வேகமாக. ஆறு மாதம் அலமாரியில் தூங்கிய பேட்டரி பாதி சல்ஃபேஷனோடு உங்கள் வீட்டுக்கு வரும். லித்தியத்தில் இந்தக் கவலை குறைவு. அங்கே வேறு தொல்லை: உள்ளே இருப்பது புது செல்லா, வண்டியில் ஓடிக் கழித்துக் கட்டியதா என்று வெளியே இருந்து தெரியாது. பெயர் தெரியாத பெட்டியில் சந்தை விலைக்குப் பாதி என்றால் சந்தேகப்படலாம். எத்தனை வாட் மணி, பி.எம்.எஸ். எத்தனை ஆம்பியர் தாங்கும், பலகை போனால் ஊரிலேயே மாற்றித் தருவார்களா, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய ஈய பேட்டரியைக் கொடுத்து எக்ஸ்சேஞ்ச் வாங்கும்போது எடைக்குத்தான் விலை. உள்ளே இருக்கும் ஈயத்தைப் பெரும்பாலும் உருக்கி மறுபடி தகடாக்கிவிடலாம் என்பதால் அதற்கு எப்போதும் கிராக்கி உண்டு. தெருவில் வரும் பழைய இரும்புக்காரர் நூறு ரூபாய் கூடுதலாகத் தருவார். அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை எங்காவது திறந்த வெளியில் உருக்குவார்கள். கடையிலேயே கொடுத்து பில்லில் கழித்துக்கொள்வது மேல். 2022-இல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு விதிகள் திரும்ப எடுக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேலேயே வைத்திருக்கின்றன, லித்தியத்துக்கும் சேர்த்து. ஆனால் செத்த லித்தியம் பேட்டரிக்கு ஈயம் மாதிரி எக்ஸ்சேஞ்ச் விலை இப்போதைக்குக் கடையில் கிடைப்பது அரிது. விலையை ஒப்பிடும்போது டியூபுலர் பக்கம் அந்தத் தொகையைக் கழித்தே எழுதுங்கள்.